கீழ்வயல் ஆஜரான கதை

உலகம்மாளின் வயல் தாலுகா ஆபீசுக்கு நடந்து போய், வரப்பில் முத்திரையும் வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்து பழையபடி தன் இடத்தில் படுத்துக்கொண்ட அன்றைக்கு, அவளுடைய ஓரகத்தி பேராச்சி சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி, முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தலைவலி ஒன்றும் இல்லை. வயல் நடந்ததில் அவளுக்கு ஆச்சரியமும் இல்லை. அது நடந்த விதம்தான் தாங்க முடியவில்லை. கயிறு கிடையாது, கம்பு கிடையாது, ஒரு அதட்டல் கிடையாது. உலகம்மாள் வாசல் தெளித்த கையோடு வரப்பில் போய் நின்று என்னவோ சொன்னாள். வயல் தன் நாலு வரப்பையும் சேலைக் கொசுவத்தை அள்ளிப் பிடிக்கிற மாதிரி அள்ளிக்கொண்டு எழுந்து, நட்டுப் பன்னிரண்டு நாளே ஆன நாற்றில் ஒன்றுகூடச் சாயாமல், தண்ணீர் ஒரு சொட்டு தளும்பாமல், தாய்ப்பசுவின் பின்னால் கன்று போகிற மாதிரி அவள் பின்னாலேயே போய்விட்டது. இரண்டு கொக்குகள் வேறு, பறக்க மனசில்லாமல், பக்கத்திலேயே நடந்து போயின.

தென்மடையில் வயல்கள் நடக்க ஆரம்பித்தது அந்த ஐப்பசியில்தான். தாலுகா ஆபீசின் பின்பக்கம் பழைய விதைக் கிடங்கு இருந்த கட்டடத்தில் விளைநிலக் காப்பு அலுவலகம் என்று புதிதாக ஒரு போர்டு மாட்டினார்கள். அங்கே அங்கயற்கண்ணி என்று ஒரு அதிகாரி வந்து உட்கார்ந்தாள். குட்டையான பெண்; வெயிலோ மழையோ குடையைக் கையிலிருந்து இறக்க மாட்டாள். அவளுடைய பதிவேட்டில் ஒரு வயல் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு அதில் எவனும் பிளாட் கல் ஊன்ற முடியாது, சூளைக்கு மண் வெட்ட முடியாது, அந்தப் பக்கம் வருகிற ரோடு வளைந்துதான் போக வேண்டும், அதற்குத் தண்ணீர் கொண்டுவருகிற கால்வாயைத்தான் வருஷத்தில் முதலாவதாகத் தூர் வார வேண்டும், மூன்று போகத்துக்கு ஒரு தடவை ஆபீசிலிருந்து ஆள் வந்து வயலிடமே குறை கேட்க வேண்டும் என்று சட்டம். இதைக் கேட்டதும் ஜனங்கள் பட்டாவையும் சிட்டாவையும் மஞ்சப் பைகளில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். முதல் வாரத்திலேயே ஒரே வயலை நாலு பேர் தன்னுடையது என்று காட்டினார்கள்; ஒருவன் குளத்தைக் காட்டினான்; இன்னொருவன் கலர் கல் நட்டுத் தெருவுக்குப் பேரும் வைத்துவிட்ட மனைகளை, காகிதத்தில் நஞ்சை என்று இருக்கிறதே என்று காட்டினான். அங்கயற்கண்ணி எல்லாக் காகிதத்தையும் வாங்கி மேஜைக்கடியில் வைத்துவிட்டு, காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொல்கிறதைத்தான் சொல்லும், வயலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, ஆகையால் வயலே நேரில் வரட்டும் என்று உத்தரவு போட்டாள். மறுநாள் தலையாரி ஒவ்வொரு வரப்பிலும் ஒரு குச்சியை நட்டு நோட்டீஸ் கட்டிவிட்டுப் போனார். மேற்படி நிலம் இன்ன தேதியில் காலை பத்தரை மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும், மாலை ஐந்து மணிக்குள் ஆஜராகத் தவறினால் விவசாயம் இல்லாத நிலமாகக் கருதப்படும் என்று அதில் எழுதியிருந்தது. வயல்கள் இரண்டு நாள் யோசித்தன. மூன்றாம் நாள் ஒன்று எழுந்து போனது.

அதற்குப் பிறகு ஊர் அதற்கென்று ஒரு ஒழுங்கைச் செய்துகொண்டது. வயல்கள் ரோட்டின் இடது ஓரமாகப் போக வேண்டும், மினி பஸ் ஹாரன் அடித்தால் வரப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டும், வாழைத்தோட்டங்கள் கரண்டு கம்பி வருகிற இடத்தில் இலையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று பேசி முடித்தார்கள். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில் எந்த வயலும் குறுக்கே போகக் கூடாது என்று தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தார், வயல்களும் மதித்தன. வயல் எழுந்து போன இடம், பாயைச் சுருட்டி எடுத்த தரை மாதிரி வெளுத்துக் கிடக்கும். தவளைகள் அதன் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கும். கணவனை இழந்த சண்முகக்கனிக்கு இருந்தது ஏழே சென்ட். அது நடக்கமாட்டேன் என்று அடம் பிடித்து மினி பஸ்ஸில் ஏறிவிட்டது; கண்டக்டர் அதைக் கடைசி சீட்டில் உட்காரவைத்து, காலடியில் ஈரம் பண்ணாதே என்று மட்டும் சொன்னார். கலர் கல்காரனும் தன் மனைகளுக்குத் தண்ணீர் தெளித்து, புல் பத்தையை வாங்கிப் பரப்பி, மேளம்கூட வைத்துக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒரே ஒரு கல் மட்டும் உருண்டு வந்து அவன் கால் விரலில் விழுந்தது.

பேராச்சிக்குக் கார்த்திகை இருபத்தேழு என்று நோட்டீஸ் கட்டியிருந்தது. மேல்மடை வயல்களை முதலிலும் கீழ்மடை வயல்களைப் பிறகும் கூப்பிட்டிருந்தார்கள். அதிலும் அவள்தான் பிந்தி. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது கோயிலில் சீட்டுப் போட்டு எடுத்ததில், மடைக்குப் பக்கத்து மேல்வயல் தம்பி பெண்சாதி உலகம்மாளுக்கும், அதன் வடிகால் தண்ணீர் போய்ச் சேருகிற கீழ்வயல் அண்ணன் பெண்சாதி பேராச்சிக்கும் விழுந்தது. அன்றிலிருந்து பத்தொன்பது வருஷமாகத் தன் வயலுக்கு வருகிற தண்ணீரெல்லாம் உலகம்மாள் குடித்து மிச்சம் வைத்தது என்றுதான் பேராச்சி நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் நாற்று கறுத்தால் இவளுக்கு வயிறு எரியும். அவள் வரப்பில் துவரை காய்த்தால் இவள் வீட்டில் பாத்திரம் உருளும். அவள் வீட்டு மருமகள் உண்டானபோதுகூட பேராச்சி சிரித்த முகத்தோடு போய் இனிப்பைத் தின்றுவிட்டு வந்து, வாயைக் கொப்பளித்தாள்.

ஆனால் இது அந்த மாதிரிப் பொறாமை மட்டும் இல்லை. கீழ்வயலுக்கு மூன்று பக்கமும் பிளாட்காரர்கள் வாங்கிவிட்டார்கள். நாலாவது பக்கம்தான் மேல்வயல். கீழ்வயல் விவசாயம் இல்லாத நிலம் என்று ஆகிவிட்டால் முதல் வேலையாக அதன் நடுவில்தான் பாதை போடுவார்கள். அவளுடைய புருஷன் கொம்பையா, வராட்டா விட்டுத்தள்ளு, வழிக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்போம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். பேராச்சி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டது அவள் அப்பா வயலில் கிளி விரட்டுவதற்காக. தகரத்தைத் தட்டித் தட்டி அவள் காத்த அந்த வயலை அப்பா சூளைக்காரர்களுக்கு விட்டுவிட்டார். அவர்கள் மூன்று ஆள் ஆழத்துக்கு வெட்டினார்கள். இப்போது அதில் மழைத் தண்ணீர் பச்சையாக நிற்கிறது. டவுனுக்குப் போகிற பஸ் அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் திரும்பும். பேராச்சி எப்போதும் அடுத்த பக்கத்து சீட்டில்தான் உட்காருவாள். இன்னொரு பள்ளத்தைப் பார்க்காமல் உட்காருவதற்கு பஸ்ஸில் மூன்றாவது பக்கம் கிடையாது.

ஆகவே தலைவலி தீர்ந்த மறுநாள் அவள் மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உலகம்மாளிடம் போனாள். உலகம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா உலகு, உன் வயல என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

"என்னத்தக்கா சொல்ல. போவமான்னு கேட்டேன். வந்துட்டு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? அதுக்கு வழி தெரியாது, நான் முன்ன நடந்தேன்."

இவள் எதையோ மறைக்கிறாள் என்று பேராச்சிக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒன்றும் செய்யாமல் ஒன்று கிடைக்கிறவர்களை அவள் நம்பியதே இல்லை.

மறுநாள் காலையில் அவள் கீழ்வயல் வரப்பில் போய்க் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, போவமா என்று கேட்டாள். வயல் அசையவில்லை. வா என்றாள். எந்திரி என்றாள். இந்தா பாரு, ஊரெல்லாம் போயிட்டு வந்துட்டு, உனக்கென்ன கொள்ளை என்றாள். ஒரு நண்டு மட்டும் வளையிலிருந்து வெளியே வந்து அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அதற்கடுத்த நாள் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். வயல் புண்ணாக்கைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்தது. உலகம்மாள் கட்டியிருந்த மாதிரியே ஊதா நிறத்தில் ஒரு சேலையைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக் கட்டிக்கொண்டு, அவள் குரலை மாதிரியே குழைந்து கூப்பிட்டாள். வரப்பில் போன சண்முகக்கனி அந்தக் குரலைக் கேட்டு, "யாரு, உலகம்மாளா?" என்று திரும்பிப் பார்த்தாள். வயல் திரும்பவில்லை.

அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். ஒரு மத்தியானம், ஆளில்லாத நேரம் பார்த்து, மேல்வயல் வரப்பில் ஆபீஸ் முத்திரை பதிந்திருந்த இடத்தில் ஒரு கட்டி மண்ணைக் கிள்ளி எடுத்து, முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து தன் வரப்பில் வைத்து அமுக்கினாள். பாலில் மோர் விட்ட மாதிரி அந்த ராசி இதிலும் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தாள். கீழ்வயல் உடம்பெல்லாம் ஒரு தடவை சிலிர்த்தது. நாற்று நுனிகள் ஆடின. அவளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் விடிந்து வந்து பார்த்தபோது அந்தக் கட்டி துப்பின விதை மாதிரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. உலகம்மாள் அதை எடுத்துத் தன் வரப்பில் அது இருந்த குழியிலேயே வைத்து, குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேராச்சி சண்டையாவது போட்டிருப்பாள்.

கார்த்திகை இருபதாம் தேதி, வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கு அவள் வழக்கத்துக்கு மாறாக வாய்க்கால் பக்கத்துப் பாதையில் வந்தாள். கீழ்வயலில் வேலை முடித்துவிட்டு மாடத்தி கரையேறிப் போய்க்கொண்டிருந்தாள். பதினோரு வருஷமாக அந்த வயலின் எல்லா வேலையும் மாடத்திதான். தண்ணீர் திருப்புவதும், நடுவதும், களை பிடுங்குவதும், அறுப்புக்கு ஆள் சேர்ப்பதும் அவள். ஒரு சித்திரையில் கால் விரல்களில் சேற்றுப்புண் வந்ததிலிருந்து பேராச்சி வயலுக்குள் இறங்கியதில்லை. புண் ஆறி, தழும்பும் மறைந்த பிறகும், வரப்பில் குடையோடு நின்று, அந்த மூலையில் அடர்த்தி போதாது, இந்த மூலையில் தண்ணீர் அதிகம் என்று சொல்கிறதே அவளுக்குப் பழகிவிட்டது.

மாடத்தி போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கீழ்வயலின் தென்மேற்கு மூலை வரப்பிலிருந்து மெதுவாகக் கழன்று, பத்துப் பன்னிரண்டு நாற்றோடும் ஒரு நண்டோடும், வாய்க்கால் வரைக்கும் நீண்டு போய்க்கொண்டிருந்தது. மாடத்தி திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"ஏய், போ. பின்னாலயே வந்தா எப்படி, எனக்கு உலை வைக்கணும்லா. போ, அம்மா தேடுவாவ."

வயல் நின்றது. போகவில்லை. மாடத்தி குனிந்து வாய்க்கால் தண்ணீரைக் கைநிறைய அள்ளி அதன்மேல் விட்டு, உள்ளங்காலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அதற்குப் பிறகுதான் அது இழுபட்டுக்கொண்டே தன் மூலைக்குத் திரும்பியது.

தன் புருஷனுடைய செருப்பை இன்னொருத்தி வீட்டு வாசலில் பார்த்தவள் மாதிரி பேராச்சி நின்றாள். உலகம்மாள்மேல் அவள் பத்தொன்பது வருஷமாகப் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒரு விளையாட்டு என்று தோன்றிவிட்டது.

"எத்தன நாளா நடக்கு இது?" என்றாள்.

மாடத்தி பதறவில்லை. "ரெண்டு பிசானப் போகமா வருதும்மா. நான் விரட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு நாளும் வாய்க்கால் தாண்ட விட்டதில்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு விட்டுட்டேன்."

அந்த இரக்கம்தான் பேராச்சியைச் சுட்டது. இனிமேல் இந்த வயலில் நீ காலை வைக்காதே என்று அவள் சொல்லிவிட்டாள். மாடத்தி வாய்க்காலில் இறங்கி, விரல் இடுக்கில் ஒரு சிட்டிகை மண்கூட ஒட்டாமல் கால்களைக் கழுவி, அந்த மண் திரும்ப வயலுக்கே போகும்படி தண்ணீரை அந்தப் பக்கமாகத் தள்ளிவிட்டு, போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கொம்பையாவிடம் அழாத குறையாகச் சொன்னாள். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, அது மாடத்தி பின்னால்தான் போகும், ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்றார். எனக்கு மட்டும் ஏன் தெரியாது என்று கேட்டாள். "உன்கிட்ட யாருட்டி சொல்லுவா? சொன்னவன் வீட்டுக் கோழியோட பத்து நாளு சண்ட போடுவ" என்றார் அவர்.

அன்றிலிருந்து கீழ்வயல் முகம் திருப்பிக்கொண்டது. தண்ணீர் தேங்கி நின்றது, ஆனால் மண் குடிக்கவில்லை. ஈரத்துக்கு அடியிலேயே வெடித்தது. நாற்று காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி வெளுத்தது. கொக்குகள் மேல்வயலுக்குப் போய்விட்டன. பேராச்சி தினமும் வரப்பில் போய் நின்று, முதலில் அதட்டினாள், பிறகு திட்டினாள், பிறகு உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டாள். கேட்டபோதே அவளுக்குப் பதில் தெரிந்ததால், அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

கார்த்திகை இருபத்தேழு விடிந்தது. ஆறு மணியிலிருந்து கூப்பிட்டாள். எட்டு மணிக்குத் தொண்டை கட்டியது. ஒன்பது மணிக்குப் பிளாட்காரர்களின் ஜீப் வந்து புளியமரத்தடியில் நின்றது. இரண்டு பேர் இறங்கி, அளக்கிற டேப்பை எடுத்து, இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சுருட்டிக்கொண்டு, ஐந்து மணி வரைக்கும் பொழுது இருக்கிறது என்கிற மாதிரி மரத்தில் சாய்ந்துகொண்டார்கள். கொம்பையா அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த டேப் மஞ்சள் நிறமாக இருந்தது. அப்பா வயலை அளந்ததும் மஞ்சள் டேப்தான்.

பேராச்சி குடையை வரப்பில் போட்டுவிட்டு மாடத்தியைத் தேடிப் போனாள். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மாடத்தி மேல்வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், அவளை மாதிரியே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறாக, உலகம்மாளும் குனிந்திருந்தாள். மேல்வயல் அவர்கள் இரண்டு பேரையும் மடியில் வைத்திருக்கிற மாதிரிக் கிடந்தது. உலகம்மாள் முன்னால் இதைக் கேட்பதற்குப் பதிலாக வயலைப் பாதைக்கே கொடுத்துவிடலாம் என்று பேராச்சி ஒரு நிமிஷம் உண்மையாகவே நினைத்தாள். பிறகு அந்தப் பச்சைத் தண்ணீரை நினைத்துக்கொண்டாள்.

"மாடத்தி, நீ வந்து கூப்பிடு."

மாடத்தி நிமிர்ந்தாள். "கால வைக்காதன்னு சொன்னியளே."

"சொன்னேன்."

"வரப்புல நின்னு கூப்பிட்டா வராதும்மா. உள்ள எறங்கணும்."

"எறங்கு. நான் ஒண்ணுஞ் சொல்லல."

மாடத்தி கையிலிருந்த களையை உதறினாள். "நீங்களும் எறங்கணும்மா. ஆபீசுல இது யாரு வயலுன்னு கேப்பாவ. அது என் பக்கமா திரும்பிட்டுன்னா என்ன செய்ய? எனக்கு அந்தப் பழி வேண்டாம்."

உலகம்மாள் களையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போங்கக்கா. தண்ணி ஒண்ணும் சுடாது" என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேராச்சி கீழ்வயலில் இறங்கியபோது, அந்நிய ஆள் தொட்ட மாடு மாதிரி வயல் கொஞ்சம் சுருங்கியது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு விரல்களுக்கு நடுவே சேறு வழுக்கி ஏறியது. அது சுடவில்லைதான், ஆனால் வரவேற்கவும் இல்லை. அவள் நடுவயலுக்குப் போய்ச் சேருவதற்குள் மாடத்தி தென்மேற்கு மூலையில் இறங்கி, குனிந்து, உள்ளங்கையால் சேற்றைத் தடவி, "எந்திரி. நேரமாச்சு, போவம்" என்றாள். கீழ்வயல் வரப்புகளை அள்ளிக்கொண்டு எழுந்தது. பேராச்சிக்குக் கரையேற அவகாசம் கிடைக்கவில்லை. முன்னால் மாடத்தி நடக்க, பின்னால் வயல் போக, வயலின் நடுவில் கணுக்கால் புதைய, எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் பேராச்சி நின்றபடி, மூவரும் புளியமரத்தைத் தாண்டிப் போனார்கள். ஜீப்காரர்கள் டேப்பைக் கீழே போட்டுவிட்டார்கள்.

நாலு மைல் தூரமும் அவள் அப்படியேதான் போனாள். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். மினி பஸ் ஒதுங்கி நின்று வழி விட்டது. ஜன்னல் வழியாக ஒரு பெண், உற்சவம் வருகிற மாதிரியே இருக்கு என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்தாள். குனிந்த இடத்தில் காலடியில் ஒரு கோரை முளைத்திருந்தது. கை சும்மாதானே இருக்கிறது என்று அதைப் பிடுங்கினாள். பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அப்பாவின் பள்ளத்தை ஒட்டி ரோடு திரும்பியபோது, வழக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அன்றைக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்ததால், திருப்ப மறந்து, அந்தத் தண்ணீரை நேராகப் பார்த்தாள். வயலும் அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு வேகமாக நடந்தது. ஆபீஸ் வாசலுக்குப் போனபோது அவள் இரண்டு வரிசையை முடித்து, கைநிறையக் களையோடு குனிந்தபடியே இருந்தாள்.

மணி பதினொன்றே முக்கால். அங்கயற்கண்ணி குடையை மடக்கிவிட்டு வந்து, வயலைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தாள். சேற்றை எடுத்து மோந்தாள். நண்டு வளைகளை எண்ணினாள். கொக்கு எங்கே என்று கேட்டாள். ஒரு வாரமாக வரவில்லை என்று பேராச்சி உண்மையைச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கும் உண்மையைச் சொன்னாள். அங்கயற்கண்ணி தலையை ஆட்டிவிட்டுப் பதிவேட்டை விரித்தாள். அதில் பட்டாதாரர் என்று ஒரு கட்டமும் கூட்டி வந்தவர் என்று ஒரு கட்டமும் இருந்தன. முதலாவதில் பேராச்சி என்றும் இரண்டாவதில் மாடத்தி என்றும் எழுதினாள். இரண்டாவது கட்டத்தில் இருக்கிற ஆளை இந்த ஆபீசைக் கேட்காமல் வயலைவிட்டு விலக்கக் கூடாது, வயலைக் காப்பது என்றால் அது யார் பின்னால் போகிறதோ அவரையும் சேர்த்துத்தான் என்று படித்துக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னாள்.

பேராச்சி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேல்வயலுக்கு என்னம்மா எழுதியிருக்கிய?"

அங்கயற்கண்ணி பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு கட்டத்திலும் உலகம்மாள் என்றே இருந்தது. ஒரே பேர், ஒரே மையில், பக்கத்தில் பக்கத்தில். பேராச்சி அதை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"எனக்கும் அதுமாதிரி ஒரே பேரா எழுத முடியாதா?"

"வயல் சொன்னதை நான் மாத்த முடியாதும்மா. மூணு போகம் கழிச்சு நாங்க பார்க்க வருவோம். அப்ப மறுபடியும் கேட்போம். ரெண்டாவது கட்டத்துல எத்தன பேர் வேணும்னாலும் எழுதலாம், இடம் இருக்கு."

பேராச்சி மாடத்தியைப் பார்த்தாள். மாடத்தி வெயிலில் நின்றிருந்த வயலின் ஒரு ஓரத்தில் தன் நிழல் விழும்படி நின்றுகொண்டிருந்தாள். பேராச்சி கையெழுத்துப் போட்டாள். முத்திரை வரப்பில் பதிந்தபோது கீழ்வயல் பெருமூச்சு விட்டது. உள்ளே இருந்த வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது.

ஜீப் போய்விட்டது. வருகிறது என்று சொன்ன பாதை வளைந்து குளத்தங்கரைப் பக்கமாகப் போனது. மாடத்தி மறுநாளே வேலைக்கு வந்தாள். கொக்குகள் மூன்றாம் நாள் வந்தன. பேராச்சி தினமும் காலையில் வயலில் இறங்கினாள். மாடத்திக்குத் துணையாக என்று கொம்பையாவிடம் சொன்னாள். விரல் இடுக்கில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டாள். வயல் முன்னைப் போல அவளைக் கண்டு சுருங்கவில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் மாடத்தி பின்னால்தான் போனது, மாடத்தி விரட்ட விரட்டப் போனது. பேராச்சி அதைப் பார்த்துக்கொண்டே காலைக் கழுவுவாள், வயிறு எரிய எரிய, குதிகாலை வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்துக் கழுவுவாள். மூன்று போகம் என்றால் எத்தனை மாசம் என்று விரலை மடக்கிப் பார்ப்பாள்.

மார்கழி முடிகிற சமயம். அன்றைக்கு மாடத்திக்கு வேறு சோலி இருந்ததால் பேராச்சி தனியாகவே களை பிடுங்கிவிட்டு, வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, வீட்டுப் பாதையில் பத்தடி வைத்திருப்பாள். பின்னால் சளப் என்று ஈரமாக ஒரு சத்தம் கேட்டது. அவள் நின்றாள். சத்தமும் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒரு சாண் வரப்பு, இரண்டே இரண்டு நெல் தூரோடு, நண்டுகூட இல்லாமல், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தது.

அவள் அதை விரட்டவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை, பார்த்தால் போய்விடுமோ என்று பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது எட்டுகிற மாதிரி, சின்னச் சின்னதாக இரண்டு அடி வைத்தாள். சளப், சளப் என்று அதுவும் வந்தது. மேல்வயலில் உலகம்மாள் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள், எதையும் கவனிக்காமல், தன்பாட்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

பேராச்சி அங்கேயே நின்று, தொண்டையில் ஒன்றும் இல்லாமலே, சத்தமாக ஒரு தடவை இருமினாள்.